கொப்பரைக்கு நனைத்த கோதுமை

சனோபர் எதையும் எறிவதில்லை. தோல்சோய் நகரத்தில் இது எல்லாரும் அறிந்த செய்தி. மாவு இழைகளை வேகவைத்த நீரைக்கூட அவள் கொட்டமாட்டாள். மறுநாள் ரொட்டிக்கு மாவு பிசைய மூடி வைப்பாள். உணவு விரிப்பை மடிக்கும்போது வாசலில் உதறாமல் தன் உள்ளங்கையில் உதறுவாள். விழுந்த துணுக்கு எத்துணைச் சிறிதாயினும் அது யார் வாய்க்கேனும் போய்ச் சேரும். கோடையில் உதிரும் முசுக்கட்டைப் பழங்களைக் கூரைமேல் உலர்த்தி, இடித்து மாவாக்கி, பனிக்காலம் முழுவதும் மகள் குமுஷுக்குப் பிடி பிடியாகக் கொடுப்பாள். “சனோபர் வீட்டுக் குப்பைக்குழியில மேயப் போனா கோழிகூடப் பட்டினிதான்” என்று அண்டை வீட்டார் கேலி செய்வர். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

மற்றவர்களுக்குக் கோபம் வந்தால் குரல் உயரும். அவளுக்குத் தாழும். அதனால் அவள் கோபத்தைப் பலர் பணிவு என்று தவறாக எண்ணினர்.

அன்று காலை, பஞ்சாலையில் இரவு வேலை முடித்து ரொட்டிக் கடை வரிசையில் வந்து நின்றபோது அவளிடம் கோபம் இல்லை, மகிழ்ச்சியே இருந்தது. முந்தின இரவு மழை பெய்திருந்தது.

அந்த மழைக்கு அவள் எவ்வளவு ஏங்கியிருந்தாள் என்பதைச் சென்ற வாரங்களில் கண்டோம். போருக்குச் சென்றவர்களின் குடும்பங்களுக்கு மலைச்சரிவில் ஆளுக்கொரு துண்டு நிலம் ஒதுக்கப்பட்டதையும், நவ்ரூஸ் திருநாளுக்குள் விதைக்காத நிலம் வேறொருவர் கைக்குப் போய்விடும் என்ற நிபந்தனையையும் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். தன் திருமணத்து வெல்வெட் மேலங்கியை ஒரு மலைக் குடியானவனுக்குக் கொடுத்து, அதற்கு ஈடாக அவள் விதைக் கோதுமை வாங்கினாள். அதைக் குதிரில் கொட்டி, வாயை மண்ணால் பூசி மூடினாள். பனிக்காலத்தில் குமுஷின் கால்கள் பசியால் வீங்கியபோதும் அந்தப் பூச்சை அவள் உடைக்கவில்லை. மகள் அழுததைக் கேட்டுக்கொண்டே குதிருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

நிலத்தைக் கொத்தியாயிற்று. மழையும் பெய்தாயிற்று. மறுநாள் ஆலையில் ஓய்வு. அந்த மறுநாளே நவ்ரூஸுக்கு முந்தைய நாள், கெடுவின் கடைசி நாள். விதைத்துவிட வேண்டியதுதான் பாக்கி.

“வாடி சனோபர், வா, புண்ணியவதி!” என்று வரிசையின் நடுவிலிருந்து கூப்பிட்டாள் பஷோரத். அவள் எதிர்வீட்டுக்காரி, அத்தெருவின் செய்திகள் யாவும் அவள் வாயில் குளித்துவிட்டுத்தான் வெளியே வரும். “உன்னைப் பத்தித்தான் பேசிக்கிட்டிருந்தோம்.”

“எதுக்கு? நான் என்ன செத்தா போயிட்டேன்?”

“நல்ல நாளும் அதுவுமா பேச்சைப் பாரு! சண்டை வந்ததுலேர்ந்து நம்ம தெருவுல சுமலக் கொப்பரை ஏறவே இல்லே. கடைசியில நீ ஏத்தறே பாரு, அதைச் சொல்லிக்கிட்டிருந்தோம். உனக்கா இவ்வளவு பெரிய மனசுன்னு என்னால நம்பவே முடியலே.”

“யார் வீட்டுக் கொப்பரை?”

“அடடா, ஒண்ணும் தெரியாத பாப்பா! உன் நாத்தனாரே சொன்னாங்க, கோதுமையை நனைச்சு முளைக்கட்டி வச்சாச்சுன்னு. நான் என் பங்குக்கு எண்ணெய் தர்றேன். இவ மாவு தர்றா.”

“களி அடிப்பிடிக்காம இருக்கக் கொப்பரை அடியில போடறதுக்கு நான் ஆத்துக் கல்லு பொறுக்கி வச்சிட்டேன்” என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி. “வழுவழுன்னு, அவ்வளவு அழகு.”

சுமலக் கிண்டக் கோதுமை வேண்டும். கோதுமை முளைவிட வேண்டும்; முளையை இடித்துப் பால் எடுத்து, மாவும் எண்ணெயும் சேர்த்து, பெண்கள் முறைவைத்து விடிய விடியக் கிண்ட வேண்டும். வசந்தம் பிறக்கும்போது செய்யும் அந்தக் களியைப் போல் இனிப்பானது வேறில்லை. ஆனால் அவ்வீட்டில் கோதுமை இருந்த இடம் ஒன்றே ஒன்று.

சனோபர் வரிசையை விட்டு விலகினாள். கடை திறக்கும் ஓசை கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

“அடியே, ரொட்டி வேணாமா? உன் இடத்தை நான் பிடிச்சு வைக்கமாட்டேன், ஆமா!” என்று பஷோரத் கத்தினாள்.

*

மாமனார் ஹம்ரோகுல் முற்றத்தில் அமர்ந்து மண்வெட்டிக்குப் புதுக் காம்பு செதுக்கிக்கொண்டிருந்தார். மருமகள் வந்த வேகத்தைக் கண்டதும் உளியைக் கீழே வைத்தார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

சரக்கறைக்குள் குதிரின் வாய் திறந்து கிடந்தது. உடைத்த மண்கட்டிகள் ஒரு மூலையில் ஒழுங்காகக் கூட்டி வைக்கப்பட்டிருந்தன. தரையில் பலகைகள், பலகைகள்மேல் ஈரத்துணி. துணியின் ஒரு முனையைத் தூக்கினாள். ஒவ்வொரு கோதுமையின் நுனியிலும் கொசுவின் கால் அளவுக்கு வெள்ளை வேர் எட்டிப் பார்த்தது.

“மூடு! மூடு! முளை மேல கண்ணு படக்கூடாது!”

இனோபத் வாயிற்படியில் நின்றாள். சனோபரின் கணவனுக்கு மூத்தவள். கைம்பெண்ணாகிப் பிறந்த வீட்டுக்கே திரும்பியவள். அவளுடைய ஒரே மகன் மவ்லோனும், அவள் தம்பியும் சனோபரின் கணவனுமான யோல்தோஷும் ஒரே நாளில் ஒரே ரயிலில் போருக்குப் போனார்கள். யோல்தோஷிடமிருந்து எப்போதாவது சேதி வரும். மவ்லோனைப் பற்றி இலையுதிர்காலத்துக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

“யாரைக் கேட்டு உடைச்சீங்க, அக்கா?”

“யாரைக் கேக்கணும்? இது என் அப்பா வீடு.”

“கோதுமை உங்க அப்பா கோதுமை இல்லே. நான் உடம்புல போட்டிருந்ததைக் கழட்டிக் கொடுத்து வாங்கினது.”

“மேலங்கி! எப்பப் பார்த்தாலும் அந்த மேலங்கி! நான் பெத்ததையே கழட்டிக் கொடுத்திட்டு நிக்கிறேன்டி. அதை எந்தச் சந்தையில போய்த் திருப்பி வாங்கட்டும், சொல்லு? புள்ளை திரும்பி வரணும்னு நேர்ந்துக்கிட்டேன். கொப்பரை ஏத்தறேன்னு சொல்லிட்டேன்.”

“நேர்ந்துக்கிட்டா உங்ககிட்ட இருக்கிறதைக் குடுங்க. குமுஷ் வாயில இருக்கிறதைப் புடுங்கி நேர்ந்துக்கிறதா?”

“குமுஷ், குமுஷ்! உன் பொண்ணு வீட்டுக்குள்ள கதகதன்னு படுத்திருக்கா. என் புள்ளை எங்கே படுத்திருக்கான்னு எனக்கே தெரியலே!”

முற்றத்திலிருந்து ஹம்ரோகுல் எழுந்து வந்தார். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, “அவளைத் திட்டாதே, மருமகளே. பூச்சை உடைச்சது நான்தான்” என்றார்.

சனோபர் அவரைப் பார்த்தாள். வெளியூர்ப் பெண்ணாய் அவ்வீட்டில் கால் வைத்த நாள் முதல் அவளுக்காக ஒரு சொல்லேனும் பேசியவர் அவர் ஒருவரே.

“மாமா, நீங்களுமா? நாளைக்கு விதைக்கப் போறேன்னு உங்களுக்குத் தெரியாதா? அந்தக் காம்பை எதுக்குச் செதுக்கிக்கிட்டிருக்கீங்க? யாரை ஏமாத்த?”

விடை சொன்னவள் இனோபத்தே.

“விதைக்கவா விடுவாங்க? வீடு வீடா வந்து கோதுமையைத் தேடப் போறாங்களாம். ஒளிச்சு வச்சிருந்தா ஆளையே பிடிச்சிட்டுப் போயிடுவாங்களாம். காய்ஞ்ச கோதுமையா இருந்தாத்தானே அள்ளிக்கிட்டுப் போவாங்க? நனைச்சிட்டா யார் எடுப்பாங்க? எவனோ திங்கறதுக்குப் பதிலா ஆண்டவன் பேர்ல போகட்டும்னு நினைச்சேன். அதுல என்ன தப்பு?”

“யார் சொன்னது, தேடப் போறாங்கன்னு?”

“எகம்பெர்தி சொன்னார். அக்கறையா வீட்டுக்கே வந்து சொன்னார். நீ ஆலைக்குப் போயிருந்தே.”

எகம்பெர்தி என்பவர், சரிவு நிலங்களை அளந்து ஒதுக்கும் பொறுப்பைத் தெருக்குழுவில் வகித்தவர். யாருடைய வீட்டுக்கும் அக்கறையாகப் போகிற வழக்கம் அவருக்கு இல்லை.

சனோபர் துணியை மெல்ல மூடினாள். சிறிது நீர் தெளித்தாள். பின்பு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியேறினாள். காம்பு இன்னும் சரியாக இறுகவில்லை என்று மாமனார் பின்னால் கூப்பிட்டது அவள் காதில் விழுந்தும் விழாததுபோல் இருந்தது.

*

சரிவில் அவள் கொத்திய மண் மழையைக் குடித்துக் கறுத்திருந்தது. குனிந்து ஒரு பிடி எடுத்து இறுக்கினாள், விரலால் தட்டினாள். கட்டி இன்னும் ஒட்டிக்கொண்டது. இன்று மிதித்தால் இறுகிவிடும். நாளைக் காலை பதமாக இருக்கும்.

நிமிர்ந்தபோதுதான் முளைக்குச்சிகளைக் கண்டாள். அவள் நிலத்தின் நான்கு மூலையிலும் புதிதாகச் சீவிய குச்சிகள் அடிக்கப்பட்டிருந்தன. மேட்டில் எகம்பெர்தி கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவருடைய மைத்துனன், ஆலையில் எடை போடுகிறவன், சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தோலை அவள் மண்ணில் துப்பிக்கொண்டிருந்தான்.

“சலாம், தங்கச்சி!” என்றார் எகம்பெர்தி. “ஈரத்துல எதுக்கு இவ்வளவு தூரம்?”

“என் நிலத்துல எதுக்குக் குச்சி?”

“கோவிச்சுக்காதே. நாளையோட கெடு முடியுது. விதைக்காத நிலத்தைச் சும்மா போட முடியுமா? அரசாங்கம் என்னைத்தானே கேக்கும்? முன்கூட்டியே அளந்து வச்சா வேலை சுலபம்.”

“நான் விதைக்கமாட்டேன்னு யார் சொன்னா?”

“விதைக்க விதை வேணாமா? உன் விதைதான் கொப்பரைக்குப் போகுதாமே. ஊரே நாக்கைச் சப்புக்கொட்டிக்கிட்டுக் காத்திருக்கு. எனக்கும் ஒரு கிண்ணம் அனுப்பு.”

மைத்துனன் சிரித்தான்.

“வீட்டுல கோதுமை தேடப் போறாங்கன்னு எங்க அக்காகிட்ட சொன்னீங்களா?”

“நல்லதுக்குத்தான் சொன்னேன். காதுல விழுந்தது, சொன்னேன்.”

“வேற யார் வீட்டுல சொன்னீங்க? பஷோரத் வீட்டுல சொன்னீங்களா? இந்தச் சரிவுல நிலம் இருக்கிற வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

எகம்பெர்தி கயிற்றைத் தோளில் மாட்டினார். “இதோ பாரு, ஆம்பளை இல்லாத வீடு. நீ பொம்பளை, ராத்திரி ஆலை வேலை, பகல்ல இது. உன்னால ஆகுமா? இவனாவது ஒழுங்கா பயிர் வைப்பான். ஊருக்குத் தானியம் வேணும் இல்லையா? போர்க்காலம்.”

“எங்க வீட்டு ஆம்பளை எங்கே போயிருக்கான்னு உங்களுக்குத் தெரியும். உங்க மச்சானும் போயிருக்க வேண்டிய இடம்தான் அது. இடுப்பு வலின்னு சொல்லி இருந்துட்டார். அந்த இடுப்போட இந்த நிலத்தை எப்படிக் கொத்துவார்? நான் கொத்தி வச்சதுல விதையைத் தூவத்தான் இடுப்பு வேணாமே!”

மைத்துனனின் சிரிப்பு நின்றது. “வாயை அடக்கிப் பேசு.”

சனோபர் அருகிலிருந்த குச்சியைப் பிடுங்கினாள். அடுத்த மூலைக்கு நடந்து அதையும் பிடுங்கினாள். அவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நான்கையும் பிடுங்கித் தலைத்துணியில் முடிந்துகொண்டாள். காய்ந்த விறகை அவள் எங்கே கண்டாலும் விட்டுவைப்பதில்லை.

“நாளைக்குச் சூரியன் மறையறவரைக்கும் இது என் நிலம்” என்றாள். எகம்பெர்தி அதைக் கேட்கச் சற்றுக் குனிய வேண்டியிருந்தது.

“மறையறப்ப வந்து பார்க்கிறேன்” என்றார் அவர். “முளைவிட்டதை விதைச்சா முளைக்காதுன்னு உனக்கு யாரும் சொல்லலையா?”

*

முளைத்தாலும் முளைக்கலாம். அதை அவள் வழியெல்லாம் எண்ணிக்கொண்டே வந்தாள். வேர் இப்போதுதான் எட்டிப் பார்க்கிறது. கையால் வீசி விதைத்தால் ஒடிந்துபோகும். சால் கீறி, ஒவ்வொரு பிடியாக மெல்லத் தூவி, உடனே மண்ணால் மூட வேண்டும். மண் ஈரமாக இருக்கிறது. நாளை முடியும். நாளை மறுநாள் வேர்கள் ஒன்றோடொன்று பின்னிப் பாய் போலாகிவிடும்; அதன்பின் அது கொப்பரைக்கு மட்டுமே உதவும்.

வீட்டு முற்றத்தில் பெண்கள் நிறைந்திருந்தனர். பஷோரத் ஒரு சிறு புட்டியில் எண்ணெய் கொண்டுவந்திருந்தாள். வேறொருத்தி மடியில் மாவு. அவர்கள் நடுவே இனோபத் கண்கள் சிவக்க நின்றாள். மண்வெட்டியோடு அவள் நிலத்துக்குப் போன செய்தி அவர்களுக்கு எட்டிவிட்டது என்பது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது.

“நிஜமா, சனோபர்?” என்றாள் பஷோரத். காலையில் இருந்த கேலி இப்போது குரலில் இல்லை. “நேர்ந்து நனைச்சதைத் திருப்பி எடுக்கப் போறியாமே?”

“நேர்ந்தது நான் இல்லே.”

“யார் நேர்ந்தா என்ன? பேரைச் சொல்லித் தண்ணி ஊத்தியாச்சு. அதுக்கப்புறம் அது நம்ம கோதுமை இல்லே. எடுத்தா யார் தலையில விடியும்னு தெரியுமா?”

“தெரியாம எகம்பெர்தி பேச்சைக் கேட்டு ஊத்தினாங்க. சரிவுக்குப் போய்ப் பாருங்க, என் நிலத்துல குச்சி அடிச்சு வச்சிருந்தான். அவன் மச்சானுக்காக. உங்க யார் வீட்டுக்காவது வந்து சோதனை போடப் போறாங்கன்னு சொன்னானா? சொல்லுங்க!”

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். அவர்களில் ஒருவரிடமும் எகம்பெர்தி அப்படிச் சொல்லியிருக்கவில்லை.

“அந்த நாய்!” என்றாள் மாவு கொண்டுவந்தவள். “என் நிலத்தை அளக்கறப்பவே கயிறு குட்டையா இருந்தது.”

“அவன் நாயா இருக்கட்டும்” என்றாள் பஷோரத். “அதுக்காக நேர்த்தி இல்லைன்னு ஆயிடுமா? மவ்லோன் பேர் மட்டும் இல்லேடி அதுல. நம்ம தெருவுல போனவங்க எல்லார் பேரும் இருக்கு. என் புருஷன் பேரைச் சொல்லச் சொல்லி நான்தான் இனோபத் அக்காகிட்டக் கேட்டேன்.”

அப்போது ஹம்ரோகுல் பேசினார்.

“யோல்தோஷ் பேரும் சொல்லியிருக்கு, மருமகளே. முதல் கிண்ணம் தண்ணியை நான் ஊத்தினேன். என் புள்ளை பேரைச் சொல்லித்தான் ஊத்தினேன்.”

சனோபர் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தாள். அதன் காம்பு கழன்று கீழே விழுந்தது. எடுக்க யாரும் குனியவில்லை.

“பாதி எடுத்துக்கோ” என்றார் கிழவர் தயங்கித் தயங்கி. “பாதியை விதை. பாதி கொப்பரைக்கு இருக்கட்டும்.”

“பாதி நிலம் வெறுமையா இருந்தா அந்தப் பாதியை அவன் எடுத்துப்பான், மாமா. மீதியில விளையறது கோழிக்குத்தான் காணும். அடுத்த பனியில குமுஷுக்கு என்ன குடுப்பேன்? சுமலக்கை நீங்க எல்லாரும் ஒரு நாள் சாப்பிடுவீங்க. ஆளுக்கு ஒரு கிண்ணம். நல்லா இனிப்பா இருக்கும். அப்புறம்?”

“பேசறா பாரு!” என்று வெடித்தாள் இனோபத். “கணக்குப் போட்டுப் போட்டு உனக்கு மனசே காஞ்சு போச்சுடி! உதிர்ந்த துணுக்கைப் பொறுக்கற மாதிரி புருஷன் உசிரையும் பொறுக்கிடலாம்னு பார்க்கிறியா? என் தம்பி திரும்பி வரலேன்னா, என் புள்ளை வரலேன்னா, உன் முகத்துல எப்படிடி முழிப்பேன்?”

“முழிக்க வேணாம்.”

“என்ன சொன்னே?”

“முழிக்க வேணாம், அக்கா. யார் கேட்டாலும் தண்ணி ஊத்தினது நீங்க, எடுத்தது நான்னு சொல்லுங்க. பஷோரத்துகிட்டேயும் அப்படியே சொல்லுங்க. பழி வந்தா என் மேலயே வரட்டும். ஆனா என் குழந்தையைப் பட்டினி போட்டுத்தான் ஆண்டவன் அவங்களைத் திருப்பி அனுப்புவான்னா, அந்தப் பேரத்தை நான் பேசலே.”

“ஐயோ, நாக்கைக் கடிச்சுக்கோ!” என்று பஷோரத், அந்தச் சொல்லின் தீங்கு ஒட்டாதிருக்க, தன் சட்டைக் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். எண்ணெய்ப் புட்டியைத் துணியில் சுற்றினாள். “என் எண்ணெய் இந்த வீட்டுக்கு இல்லே. என் புருஷனுக்கு ஏதாவது ஆச்சு, சனோபர், உன் வாசல்லேதான் வந்து அழுவேன். ஞாபகம் வச்சுக்கோ.” அவள் வெளியேற, மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தொடர்ந்தனர். மாவு கொண்டுவந்தவள் மட்டும் வாயிலில் ஒரு கணம் நின்றாள். பிறகு அவளும் போனாள்.

இனோபத் வீட்டுக்குள் போய்த் தன் மெத்தையை இழுத்துவந்தாள். சரக்கறையின் வாசலுக்குக் குறுக்கே விரித்தாள். அதன்மேல் சம்மணமிட்டு உட்கார்ந்து, முதுகைக் கதவுக்குக் கொடுத்தாள்.

“என்னைத் தாண்டித்தான் எடுக்கணும்” என்றாள். “தாண்டு, பார்க்கலாம்.”

ஹம்ரோகுல் மகளையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தார். யார் பக்கம் நிற்பது என்று தெரியாத மனிதர், இரண்டு பேருக்கும் நடுவில் சுவரோரமாக உட்கார்ந்தார்.

உள்ளே குமுஷ் அம்மாவைக் கூப்பிட்டாள். ரொட்டி எங்கே என்று கேட்டாள். அன்று ரொட்டி வாங்கவில்லை என்பது சனோபருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. “இதோ வர்றேன்” என்று குரல் கொடுத்தாள்.

பின்பு நாத்தனாரின் எதிரில், தரையிலேயே உட்கார்ந்தாள். இருவர் முழங்கால்களும் ஏறக்குறையத் தொட்டன.

“உனக்கு அவனைப் பத்திப் பயமே இல்லையாடி?” என்று கேட்டாள் இனோபத். இப்போது அவள் கத்தவில்லை.

“பயமாத்தான் இருக்கு, அக்கா. ரொம்பப் பயமா இருக்கு.”

“அப்புறம்?”

“காலையில விதைக்கப் போறேன்” என்றாள் சனோபர்.